சிஸ்டர் கன்சர்னும் சிறு பங்குதாரரும்

சென்னையில் பதிவாகி, பங்குச் சந்தையில் பட்டியலாகியிருக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலாண்டு முடிந்த 21 நாளுக்குள் அது தாக்கல் செய்யும் பங்குதாரர் விவரத்தில் முதலில் வருவது ப்ரமோட்டர் குடும்பம், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், மருமகள், ஒரு குடும்ப டிரஸ்ட், யாரும் கேள்விப்படாத பெயரில் இரண்டு மூன்று முதலீட்டுக் கம்பெனிகள். பல நிறுவனங்களில் எல்லாம் கூட்டினால் பாதிக்கு மேல் வரும். சட்டம் விடும் உச்சமான 75 சதவீதத்தை ஒட்டி நிற்பவர்களும் உண்டு. மிச்சமெல்லாம் மியூச்சுவல் ஃபண்டுகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், மாம்பலத்திலும் அண்ணா நகரிலும் ஆளுக்கு ஐம்பது, நூறு பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் என்று சிதறிக் கிடக்கும்.

இந்தியாவில் கம்பெனி நிர்வாகச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு இந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட விதிகள் வேறு மாதிரிப் பட்டியலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 1992-ல் லண்டனில் கேட்பரி குழு அறிக்கை கொடுத்தபோது அங்கே பெரிய கம்பெனிகளின் பங்குகள் பரவலாகச் சிதறியிருந்தன. சம்பளத்துக்கு இருக்கும் நிர்வாகியைத் தட்டிக்கேட்க ஆள் இல்லை என்பதுதான் அவர்கள் பிரச்சினை. அதற்கு நிர்வாகத்தைச் சாராத வெளியாள் இயக்குநர்கள், கணக்கைக் கண்காணிக்க அவர்களைக் கொண்ட ஆடிட் கமிட்டி என்று வழி சொன்னார்கள். நம் ஊரில் நிர்வாகியும் முதலாளியும் ஒரே ஆள். அவரைக் கண்காணிக்க வேண்டிய அந்த வெளியாளை, நம் சட்டம் சொல்லும் சுயேச்சை இயக்குநரை, ஓட்டுப் போட்டு உட்கார வைப்பதும் அவரே. இங்கே அடிபடுவது முதலாளி இல்லை, கூட இருக்கும் சிறு பங்குதாரர்.

ஆகவே என் கருத்து இது: இருபத்தைந்து வருடச் சீர்திருத்தத்தில் உண்மையாக வேலை செய்தது, ப்ரமோட்டருக்குச் சொந்த ஆதாயம் இருக்கும் விஷயத்தில் அவர் ஓட்டை எண்ணாமல் விட்டதுதான். கமிட்டிகளும் அறிக்கைகளும் அந்த ஓட்டுக்குத் துணை நிற்கும் அளவுக்குத்தான் பயன். சுயேச்சை இயக்குநர்களின் தலையை எண்ணுவதில் செலவழித்த கவனத்தில் பாதியை இதில் செலவழித்திருந்தால் எத்தனையோ பேர் பணம் தப்பித்திருக்கும்.

1998-ல் தொழில்துறைக் கூட்டமைப்பான சிஐஐ ஒரு தன்னார்வ நெறிமுறை போட்டது. 1999-ல் குமாரமங்கலம் பிர்லா கமிட்டி, 2000-ல் பங்குச் சந்தையோடு கம்பெனி போடும் பட்டியல் ஒப்பந்தத்தில் நிர்வாக விதிகளான க்ளாஸ் 49, 2003-ல் நாராயணமூர்த்தி கமிட்டி. காகிதத்தில் எல்லாம் வந்துவிட்ட பிறகுதான் ஹைதராபாத் ஐடி நிறுவனமான சத்யத்தின் விவகாரம் நடந்தது. 2008 டிசம்பர் 16 அன்று, அதன் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தாருடைய மேடாஸ் கம்பெனிகள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்க சத்யம் போர்டு ஒப்புதல் கொடுத்தது. ஹார்வர்டு பேராசிரியரும், இந்தியாவின் பெயர்பெற்ற பிசினஸ் பள்ளியின் டீனும் இருந்த போர்டு அது. சில மாதங்களுக்கு முன்புதான் நல்ல நிர்வாகத்துக்கென்று கோல்டன் பீகாக் விருதும் வாங்கியிருந்தார்கள். அந்த முடிவை நிறுத்தியது போர்டு இல்லை. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்தார்கள், நியூயார்க்கில் பங்கு சரிந்தது, சில மணி நேரத்தில் முடிவு வாபஸ். 2009 ஜனவரி 7-ல் ராஜுவின் கடிதம் வந்தபோது, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று தெரிந்தது.

இதில் இரண்டு தனித்தனித் தோல்விகள் இருக்கின்றன. வங்கி இருப்பு விஷயம் ஆடிட்டருடையது. வங்கியின் உறுதிக் கடிதம் வங்கியிலிருந்து நேராக ஆடிட்டர் கைக்கு வர வேண்டும். கம்பெனி அதிகாரி வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கும் கடிதத்துக்கு மதிப்பில்லை. மேடாஸ் விஷயம் வேறு. அதில் ஒளிவுமறைவு இல்லை. முதலாளி தன் குடும்பச் சொத்தைப் பொதுப் பணத்தில் வாங்க முயன்றார், அன்றைய சட்டம் அதைப் பங்குதாரர் ஓட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை 2013 கம்பெனிச் சட்டத்தின் 188-ஆம் பிரிவும், 2014-லிருந்து பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் விதிகளும்தான் அடைத்தன: தொடர்புடைய தரப்போடு, அதாவது ப்ரமோட்டர், இயக்குநர், அவர்கள் உறவினர், அவர்கள் கம்பெனிகள் போன்றவர்களோடு செய்யும் பெரிய பரிவர்த்தனைக்குப் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும், அதில் தொடர்புடையவர்கள் ஆதரித்து ஓட்டுப் போட முடியாது.

அந்த விதி வரப்போகிறது என்ற நிலையே பேரம் பேசும் பலத்தைக் கொடுத்தது. 2014 ஜனவரியில் மாருதி, குஜராத் ஆலையைத் தானே கட்டாமல் தன் ப்ரமோட்டரான ஜப்பானின் சுஸுகி கட்டும், அங்கிருந்து கார் வாங்கிக்கொள்வோம் என்று அறிவித்தது. ஃபண்டுகள் எதிர்த்துக் கடிதம் எழுதின. ஒப்பந்தம் திருத்தப்பட்டது. ஏற்பாடு முடிவுக்கு வந்தால் ஆலை மாருதிக்கு நியாய மதிப்பில் வரும் என்று இருந்ததை, கணக்குப் புத்தகத்தில் உள்ள மதிப்பில் வரும் என்று மாற்றினார்கள். 2015 டிசம்பரில் சிறு பங்குதாரர் ஓட்டுக்கு வந்தபோது சுமார் 90 சதவீதம் ஆதரவோடு நிறைவேறியது. அதே திட்டம்தான். விலைதான் சிறு பங்குதாரர் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. நல்ல விதி செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான்.

சென்னைக்காரர்களுக்குப் பக்கத்து உதாரணம், திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் புல்லட் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ். 2021 ஆகஸ்ட் வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் (ஏஜிஎம்) நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமனமும் சம்பளமும் ஒரே சிறப்புத் தீர்மானமாக வந்தன. சிறப்புத் தீர்மானத்துக்கு 75 சதவீதம் வேண்டும், கிடைத்தது 73 சொச்சம். ப்ரமோட்டர் பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவு என்பதால், வெளிப் பங்குதாரர்களில் ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் எதிர்த்திருந்தால்தான் இந்தக் கணக்கு வரும். அவருடைய திறமையை யாரும் குறை சொல்லவில்லை, சம்பள உச்சவரம்புதான் உறுத்தியது. போர்டு தீர்மானத்தை இரண்டாகப் பிரித்தது. சம்பள உச்சவரம்பை லாபத்தில் 3 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைத்து, கூட்டம் கூட்டாமல் நடக்கும் தபால் ஓட்டுக்கு அனுப்பியது. இரண்டும் நிறைவேறின. இப்படி ஒரு திருத்தம் எந்தக் கமிட்டி அறையிலிருந்து வந்திருக்கும்?

ஆனால் ஓட்டுக்கு வருவது பெரிய மீன்கள் மட்டும். 2022 ஏப்ரலிலிருந்து, ஒரு தொடர்புடைய தரப்போடு நிதியாண்டில் செய்யும் பரிவர்த்தனை 1,000 கோடி ரூபாயையோ துணை நிறுவனங்களையும் சேர்த்த விற்றுமுதலில் 10 சதவீதத்தையோ, எது குறைவோ அதைத் தாண்டினால்தான் பங்குதாரர் ஒப்புதல் என்று இருந்தது. 2025 செப்டம்பரில் செபி வாரியம், பெரிய நிறுவனங்களுக்கு விற்றுமுதலுக்கேற்ற படிநிலை வரம்பாக அதை உயர்த்த ஒப்புக்கொண்டது. 200 கோடி விற்றுமுதல் உள்ள அம்பத்தூர் கம்பெனிக்கு வரம்பு 20 கோடி. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஆடிட் கமிட்டியோடு முடிந்துவிடும். சிறு பங்குதாரரின் பணம் வருடா வருடம் சொட்டுவது இங்கேதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த அம்பத்தூர் கம்பெனி ஒரகடம் பக்கத்தில் முதலாளி மனைவியின் கம்பெனிக்குச் சொந்தமான 40,000 சதுர அடி கோடவுனை வாடகைக்கு எடுக்கிறது. சதுர அடிக்கு மாதம் 28 ரூபாய். அக்கம்பக்கத்தில் அதே தரத்துக்கு 19 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்பது ரூபாய் வித்தியாசம், வருடத்துக்கு 43 லட்சத்து 20 ஆயிரம். கூடவே வட்டியில்லா அட்வான்ஸ் 3 கோடி. கம்பெனி வங்கிக்கு 9 சதவீத வட்டி கட்டுகிறது என்றால் அந்த அட்வான்ஸின் சுமை 27 லட்சம். ஆக 70 லட்சத்துக்கு மேல். கம்பெனியின் லாபம் 12 கோடி என்றால் கிட்டத்தட்ட 6 சதவீதம் ஒரே ஒரு வாடகைப் பத்திரத்தில் போகிறது. மொத்த வாடகையே 1 கோடியே 34 லட்சம்தான் என்பதால் 20 கோடி வரம்பின் பக்கத்தில்கூட வராது. இன்னொன்று: 2019 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் குத்தகைக் கணக்கு விதிப்படி, நீண்டகால வாடகை லாப நஷ்டக் கணக்கில் வாடகை என்ற தலைப்பில் வராது, தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்துவிடும். தொடர்புடைய தரப்புக் குறிப்பை வரி வரியாகப் படித்தால் ஒழிய கண்ணில் படாது.

எனவே ஆடிட் கமிட்டி முன் வைக்கப்படும் அந்த இரண்டு மூன்று பக்கக் குறிப்புதான் எனக்கு இந்த முழு விஷயத்திலும் முக்கியமான காகிதம். என்னென்ன இருக்க வேண்டும் என்று 2021 நவம்பர் சுற்றறிக்கையில் செபி சொல்லிவிட்டது: யார், என்ன உறவு, என்ன நிபந்தனை, எத்தனை காலம், எவ்வளவு தொகை, விற்றுமுதலில் எத்தனை சதவீதம், கடன் என்றால் பணம் எங்கிருந்து வருகிறது, வாங்குபவர் எதற்குப் பயன்படுத்துவார், இது கம்பெனிக்கு ஏன் நல்லது, மதிப்பீட்டு அறிக்கை இருந்தால் அதன் பிரதி. 2022 ஜனவரியிலிருந்து கமிட்டியில் இருக்கும் சுயேச்சை இயக்குநர்கள் மட்டுமே இந்த ஒப்புதலைத் தர முடியும். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. கோளாறு குறிப்பை நிரப்பும் விதத்தில்.

கோடவுன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சந்தை வாடகைக்கு ஆதாரமாக ஒரே ஒரு புரோக்கர் கடிதம் இணைப்பார்கள். அதில் ஒப்பிடும் கட்டடம் மெயின் ரோட்டில், லாரி நேராக ஏறும் தளத்தோடு, தீயணைப்பு வசதியோடு இருக்கும். நம் கோடவுன் உள்ளே தள்ளி ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு இருக்கும். ஒன்றில் கார்பெட் ஏரியா, இன்னொன்றில் பில்டப் ஏரியா. மதிப்பீட்டாளரை நியமித்தது நில உரிமையாளர் தரப்பு. அட்வான்ஸ் குறிப்பிலேயே இருக்காது, அது வேறொரு பக்கத்தில் டெபாசிட் என்று போயிருக்கும். லாக்-இன், அதாவது இடத்தை விட முடியாத காலம், கம்பெனிக்கு மட்டும் ஒன்பது வருடம், உரிமையாளருக்கு மூன்று மாத நோட்டீஸ். நல்ல குறிப்பு என்றால் அதே தாலுகாவில் பதிவான இரண்டு மூன்று குத்தகைப் பத்திரங்களின் விவரம், ஒரே அளவை முறை, வாடகை ஏற்றம் எத்தனை வருடத்துக்கு எத்தனை சதவீதம், சொத்துவரி யார் கட்டுகிறார்கள், இரண்டு பக்கமும் ஒரே வெளியேறும் நிபந்தனையா என்பது எல்லாம் இருக்கும். இதைக் கேட்க சட்ட அறிவே தேவையில்லை. சொந்தக் காசில் வாடகைக்கு இடம் பார்க்கும் எவரும் கேட்பது இதைத்தான்.

அடுத்த ஓட்டை, ஆம்னிபஸ் ஒப்புதல். திரும்பத் திரும்ப நடக்கும் கொள்முதலுக்கு ஒவ்வொரு தடவையும் கமிட்டி கூட முடியாது என்பதால் ஒரு வருடத்துக்கு மொத்தமாக ஒப்புதல் தரலாம். பெயர், தன்மை, காலம், உச்சத் தொகை, அடிப்படை விலை, விலை மாறும் சூத்திரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்க வேண்டும். முன்கூட்டித் தெரியாத தேவைகளுக்கு ஒரு பரிவர்த்தனைக்கு 1 கோடி வரை இடம் உண்டு. நடைமுறையில், போன வருடம் 40 கோடிக்கு வாங்கிய, அதே முதலாளியின் இன்னொரு கம்பெனியான சிஸ்டர் கன்சர்னிடம் இந்த வருடம் 200 கோடி என்று உச்சத்தைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் வருடம் முழுக்க எது நடந்தாலும் வரம்புக்குள். காலாண்டுப் பரிசீலனை ஒரு வரியில் முடியும். கமிட்டி உறுப்பினர் போன வருட உண்மைத் தொகை, இந்த வருட விற்பனைத் திட்டம், இரண்டையும் பக்கத்தில் வைத்து உச்சத்தைக் குறைக்கச் சொன்னாலே பாதி காரியம் ஆகிவிடும்.

பணம் நேராகவும் போகாது. முழுமையாகச் சொந்தமான துணை நிறுவனத்தோடு செய்யும் பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தேவையில்லை. அதனால் பணம் முதலில் அங்கே இறங்கும், அங்கிருந்து ப்ரமோட்டரின் தனிக் கம்பெனிக்குக் கைமாற்றாகப் போகும். காபிக் கடைத் தொடரான காஃபி டே விவகாரத்தில் ஏழு துணை நிறுவனங்களிலிருந்து 3,535 கோடி ரூபாய் நிறுவனருக்குத் தொடர்புடைய தனிக் கம்பெனிக்குப் போனதாக 2023 ஜனவரியில் செபியின் உத்தரவு சொன்னது. துணை நிறுவனங்களின் பரிவர்த்தனைகளையும் தாய் நிறுவன ஆடிட் கமிட்டியின் பார்வைக்குக் கொண்டுவரும் விதி 2022-லும், இடையில் வெளியாள் ஒருவரை வைத்துப் பணத்தைத் திருப்பினாலும் நோக்கத்தையும் விளைவையும் பார்த்துப் பிடிக்கும் விதி 2023 ஏப்ரலிலும் வந்தன.

மருத்துவமனை நிறுவனமான ஃபோர்டிஸில் நடந்தது இன்னும் நுட்பமானது. செபியின் 2018 அக்டோபர் இடைக்கால உத்தரவில் விவரம் இருக்கிறது. துணை நிறுவனம் மூன்று தனியார் கம்பெனிகளுக்குக் குறுகியகாலக் கடன் கொடுக்கும். காலாண்டு முடிவதற்குள் பணம் திரும்பி வரும். அடுத்த காலாண்டு பிறந்ததும் மறுபடி போகும். பேலன்ஸ் ஷீட் தேதியன்று நிலுவை இருக்காது. இதைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வட்டி வருமானத்தைக் கடன் நிலுவையோடு ஒத்துப் பாருங்கள். வருடக் கடைசியில் நிலுவை பூஜ்யம், ஆனால் கம்பெனிகளிடமிருந்து வட்டி 4 கோடி என்றால், 12 சதவீத வட்டிக்கு வருடம் முழுக்கச் சராசரியாக 33 கோடி வெளியே இருந்திருக்கிறது. ஆண்டறிக்கையில் துணை நிறுவனங்களுக்கும் இயக்குநர் ஆர்வமுள்ள கம்பெனிகளுக்கும் கொடுத்த கடனின் வருடத்திய அதிகபட்ச நிலுவையையும் சொல்ல வேண்டும். அந்த எண்ணும் வருடக் கடைசி எண்ணும் வெகுதூரம் விலகியிருந்தால் ஏஜிஎம்மில் எழுந்து கேளுங்கள்.

சுயேச்சை இயக்குநர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசிவிட்டேன், ஆனால் அவர்களில் நன்றாக வேலை செய்பவர்களின் நிலைமை உண்மையிலேயே சங்கடமானது. கூட்டத்துக்கான அமர்வுக் கட்டணம் சட்டப்படி அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். லாபத்தில் கமிஷன் கொடுக்கலாமா என்பது கம்பெனியின் விருப்பம். அஜெண்டாவும் குறிப்புகளும் ஏழு நாள் முன்பே வர வேண்டும். முக்கியமான தாள் மட்டும் முந்தின நாள் ராத்திரி மெயிலில் வரும், அல்லது கூட்டத்தில் டேபிள் ஐட்டமாக வைக்கப்படும். விலை பாதிக்கும் ரகசியத் தகவல் என்று காரணம் சொன்னால் விதியும் குறைந்த அவகாசத்துக்கு இடம் தருகிறது. இந்த இடத்தில் ஓர் இயக்குநர் செய்யக்கூடிய பயனுள்ள காரியம், தொடர்புடைய தரப்பு விஷயம் எதையும் டேபிள் ஐட்டமாக எடுக்க மாட்டோம் என்று கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றுவது. கூட்டம் முடிந்த 15 நாளில் மினிட்ஸ் வரைவு வரும், கருத்துச் சொல்ல ஏழு நாள் உண்டு. பலர் அதைத் திறப்பதே இல்லை. பிற்பாடு விசாரணை வந்தால், தன் சம்மதத்தோடோ தெரிந்தோ நடந்ததா, கவனமாக இருந்தாரா என்பதை வைத்துத்தான் 149(12) பிரிவின்படி அவர் பொறுப்பு முடிவாகும். கேட்ட கேள்வி மினிட்ஸில் இல்லையென்றால் கேட்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

2022 ஜனவரியிலிருந்து சுயேச்சை இயக்குநர் நியமனத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ப்ரமோட்டரிடம் 74 சதவீதம் இருக்கும் கம்பெனியில் இதனால் என்ன மாறும்? அதே வருடம் நவம்பரில் செபி ஒரு மாற்று வழி கொண்டுவந்தது: 75 சதவீதம் கிடைக்காவிட்டாலும், மொத்த ஓட்டில் பெரும்பான்மையும் பொதுப் பங்குதாரர் ஓட்டில் தனியாகப் பெரும்பான்மையும் கிடைத்தால் போதும். அந்த இரட்டை எண்ணிக்கையையே முதன்மை விதியாக்க வேண்டும், குறைந்தது இரண்டாவது ஐந்து வருடத்துக்கான மறுநியமனத்திலாவது. முதல் ஐந்து வருடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்குச் சாட்சி பொதுப் பங்குதாரர்தான். யார் ஓட்டுப் போட்டால் நாற்காலி நிலைக்கும் என்பது தெரிந்தால், யாருக்காகக் கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அரசே ப்ரமோட்டராக இருக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். போர்டில் போதிய சுயேச்சை இயக்குநர் இல்லாவிட்டால் சந்தைகள் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் போடும். மத்திய அரசின் எண்ணெய் நிறுவனங்களுக்குக் காலாண்டு தவறாமல் இந்த அபராதம் வந்த காலங்கள் உண்டு. நியமிக்கும் அதிகாரம் அமைச்சகத்திடம், எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று கம்பெனி பதில் எழுதும், தள்ளுபடி கேட்கும். 25 சதவீதம் பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்ற விதியிலும் பொதுத்துறைக்குக் கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்படுகிறது. தனியார் முதலாளிக்கு ஒரு சட்டம், அரசு முதலாளிக்கு ஒரு சட்டம் என்று இருக்கும்வரை இந்தச் சீர்திருத்தத்தை யாரும் முழு மனதோடு மதிக்க மாட்டார்கள்.

பட்டியலாகாத தனியார் கம்பெனிகளைப் பற்றிச் சுருக்கமாக. கிண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளில் போர்டு மீட்டிங் என்பது பல இடங்களில் மினிட்ஸ் புத்தகத்தில் மட்டும்தான் நடக்கிறது. அங்கே ஒழுங்கைக் கொண்டுவந்தது போர்டு இல்லை, ஆடிட் அறிக்கையில் வந்த இரண்டு மாற்றங்கள். ஒன்று, ஆடிட்டர் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்லும் அரசு ஆணையான, 2021-22 முதல் அமலான காரோ 2020. வங்கி தரும் செயல்மூலதனக் கடன் வரம்பு 5 கோடியைத் தாண்டினால், வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் எழுத வேண்டும். வங்கிக்கு ஒரு ஸ்டாக், வரிக்கு ஒரு ஸ்டாக் என்ற பழைய பழக்கம் இதில் வெட்டவெளிச்சமானது. மற்றொன்று, 2023 ஏப்ரல் முதல் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற விதி. மார்ச் கடைசியில் போன தேதிக்கு வவுச்சர் திருத்துவது இனி தடயமில்லாமல் நடக்காது.

சரி, நூறு பங்கு வைத்திருப்பவர் என்ன செய்ய முடியும்? ராஜாஜி சாலையில் இருக்கும் கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போக 10 சதவீதப் பங்கோ, 100 உறுப்பினர்களோ, மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கோ வேண்டும். கூட்டு வழக்குக்குப் பட்டியல் நிறுவனத்தில் 2 சதவீதப் பங்கு, அல்லது 100 பேர், அல்லது உறுப்பினர்களில் 5 சதவீதம். தனியாளுக்கு இரண்டுமே தூரம். பக்கத்தில் இருப்பவை வேறு.

ஆண்டறிக்கையை முன் அட்டையிலிருந்து படிக்காதீர்கள். முதலில் தொடர்புடைய தரப்புக் குறிப்பு, அடுத்து உத்தரவாதப் பொறுப்புகள், அப்புறம் ஆடிட்டரின் காரோ இணைப்பு, ப்ரமோட்டர் அடகு வைத்த பங்கு விவரம். இயக்குநர் அறிக்கையோடு வரும் ஏஓசி-2 படிவத்தை மட்டும் நம்பினால் போதாது. சந்தை நிலையில் இல்லாதவையும் பெரியவையும்தான் அதில் வரும், சந்தை வாடகைதான் என்று கம்பெனி சொல்லிக்கொள்ளும் கோடவுன் வராது. குறிப்பில் தெரியாத பெயரில் ஒரு கம்பெனி இருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் பேலன்ஸ் ஷீட்டையும் இயக்குநர் பெயர்களையும் பார்க்கலாம். இங்கே நாம் கொடுத்த அட்வான்ஸ் அங்கே எந்தச் சொத்தாக மாறியிருக்கிறது என்பது பல சமயம் அதில் பட்டென்று தெரியும். இயக்குநர்களுக்கு ஆர்வமுள்ள ஒப்பந்தங்களின் பதிவேடு ஏஜிஎம் நடக்கும்போது கூட்டத்துக்கு வரும் உரிமையுள்ள எவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது 189-ஆம் பிரிவு. நாரத கான சபாவிலும் மியூசிக் அகாடமியிலும் ஏஜிஎம் நடந்த காலத்தில் அது மேடையோரம் இருக்கும், கேட்பவர்கள் அபூர்வம். 2020-லிருந்து வீடியோவில் நடக்கும் கூட்டங்களில், நோட்டீஸில் கொடுத்திருக்கும் மெயில் முகவரிக்கு எழுதினால் பார்க்கத் தருவார்கள். பேச விரும்பினாலும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், கடைசித் தேதி நோட்டீஸின் பின்பகுதியில் இருக்கும். கேள்வியைப் பக்க எண்ணோடு எழுதி அனுப்புங்கள். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும்.

ஓட்டைப் பொறுத்தவரை, கட்-ஆஃப் தேதியன்று டீமேட்டில் பங்கு இருந்தால் போதும். டீமேட் பங்குகளைக் காக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் தளத்தில் நுழைந்து கம்பெனியைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தனித்தனியாகப் போடலாம். ஜன்னல் குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கு மூடும். போட்ட ஓட்டை மாற்ற முடியாது. தபால் ஓட்டு என்றால் 30 நாள். பலர் தவறவிடுவது ஏஜிஎம்மை இல்லை, தபால் ஓட்டைத்தான். சங்கடமான தீர்மானங்கள் அதிகம் அந்த வழியில் வருவதால் அந்த மெயிலைக் குப்பையில் போடாதீர்கள்.

முடிவு இரண்டு வேலை நாளில் சந்தைத் தளத்தில் வரும். அந்த அட்டவணையில் நிறைவேறியதா என்பதோடு நிறுத்திவிடாமல் அடுத்த கட்டங்களையும் பாருங்கள்: ப்ரமோட்டர், பொது நிறுவனங்கள், பொதுவில் மற்றவர்கள் என்று ஓட்டு தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். மொத்தத்தில் 82 சதவீத ஆதரவோடு நிறைவேறிய தீர்மானத்தில், பொது நிறுவனங்களின் ஓட்டு மட்டும் 60 சதவீதம் எதிராக இருக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாத் தீர்மானத்துக்கும் ஓட்டுப் போட்டாக வேண்டும், எப்படிப் போட்டோம், ஏன் என்று தங்கள் தளத்தில் வெளியிடவும் வேண்டும். உங்கள் எஸ்ஐபி போகும் ஃபண்ட் அந்தத் தீர்மானத்துக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள். ஆதரித்திருந்தால், பக்க எண்ணோடு அந்த ஃபண்டுக்கும் ஒரு மெயில் எழுதலாம்.